அண்ணியின் கழுத்தும் ஒரு பழைய காரும்

எங்கள் அண்ணியைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது. ஆளே முழுசாகத் திரும்ப வேண்டும். கழுத்தெலும்பு இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை செய்யும் கடையில் ஏணியிலிருந்து விழுந்ததன் பலன். புதிதாகப் பார்ப்பவர்கள், அம்மாவுக்கு ரொம்பத்தான் மிடுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைப்பதில் தப்பில்லை. விழுவதற்கு முன்னாலும் அவர் அப்படித்தான்.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடி பொருத்தும் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை. மற்ற கடைகளில் கண்ணாடியை மாட்டிவிட்டு, "தெரியுதா?" என்பார்கள். அண்ணி அப்படிக் கேட்கவே மாட்டார்.

"தெரியுதான்னு கேட்டா, பாவம், நம்ம மனசு நோகக் கூடாதுன்னு தெரியுதும்பாங்க. எது தெரியலன்னு கேக்கணும்" என்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்பார். அவசரத்தில் வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அண்ணி பொருத்திய கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கழுத்து போன பிறகு, லென்ஸ் தேய்க்கும் மெஷினில் நாள் முழுக்கக் குனிந்து நிற்க முடியவில்லை. முதலாளி நல்லவர்தான், ஆனாலும் முதலாளி. அரைச் சம்பளத்துக்கு முன்பக்க மேஜையில் உட்காரவைத்து, கழன்ற ஸ்க்ரூவை மாட்டவும் கண்ணாடித் துணி விற்கவும் விட்டுவிட்டார். அந்த மேஜையில் அண்ணியைப் பார்க்கவே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அப்போதுதான் நான்கு முதியோர் இல்லங்களிலிருந்து கேட்டு அனுப்பினார்கள். எங்கள் ஆட்களால் கடைக்கு வர முடியாது, நீங்கள் வந்து அளந்து பொருத்திக்கொடுங்கள் என்று. ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு என்று பங்கு. அண்ணி, "நான் போறேன்" என்றார். முதலாளி, "சொந்த வண்டி வேணும். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிக்குள்ள இல்லேன்னா வேற ஆளைப் போட்டுப்பேன்" என்றார். கையில் இருபத்தெட்டு நாள்.

பெரிய பெட்டிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அந்தக் கழுத்தோடு இடிபட முடியாது. டாக்சி வைத்தால் வருகிற பங்கு டாக்சிக்காரருக்கே போய்விடும். அண்ணிக்கு கார் ஓட்டத் தெரியும்; உரிமமும் இருந்தது. டாக்டர் கடிதமும் எழுதிக் கொடுத்தார்: ஓட்டலாம், ஆனால் பக்கவாட்டில் வரும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் வசதி காரில் இருக்க வேண்டும். ஆக, கார் கிடைத்தால் அண்ணிக்கு அவர் தொழில் உண்டு. இல்லையென்றால் ஆயுசுக்கும் கண்ணாடித் துணிதான்.

வீட்டில் கார் விஷயம் தெரிந்தவன் நான்தான் என்று பெயர். ரொட்டி வேன் ஓட்டுகிறேன், அவ்வளவுதான் என் தகுதி. அந்தத் தகுதியை நம்பி நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

பெரிய சாலையில் பழைய கார் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. விற்பவர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கோட்டுக்காரர் எனக்கு ஒரு சாம்பல் நிறக் காரைக் காட்டினார். நான்கு வருடம் ஓடியது. பக்கத்தில் வண்டி வந்தால் கண்ணாடியோரம் விளக்கு எரியும். சாலையில் போட்ட கோட்டைத் தாண்டினால் கத்தும். முன்னால் மோதப் போனால் தானே பிரேக் போடும். "கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம் சார்" என்றார். சாயங்காலமே இன்னொருவர் பார்க்க வருகிறார் என்றும் சொன்னார். நான் பூரித்துப்போய், யாரையும் கேட்காமல் என் கைக்காசை முன்பணமாகக் கட்டிவிட்டேன். ரசீதைப் படித்தேனா? அவர் பேனா நன்றாக எழுதியது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டுக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மாசம் இவ்வளவுதாம்மா. ஆறு வருஷம். கடன் நாங்களே ஏற்பாடு பண்ணிடுவோம். தவணை கட்டுறதே தெரியாது."

"மாசக் கணக்கு வேண்டாங்க. கடைசித் தவணை கட்டுற அன்னிக்கு மொத்தமா எவ்வளவு கட்டியிருப்பேன்? அதை மட்டும் இந்தத் தாள்ல எழுதுங்க."

கோட்டுக்காரர் பேச்சை மாற்றிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். அண்ணி தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி தாளை நகர்த்தி வைத்தார். வேறு வழியில்லாமல் எழுதினார். வட்டி, கருவிகளுக்கென்று தனிக் காப்பீடு, கோப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கார் விலை வந்தது.

அண்ணி வெளியே எட்டிப் பார்த்தார். அதாவது உடம்போடு எழுந்துபோய்ப் பார்த்தார். "ஒரு கார்தான் நிக்குது. அந்த அரைக் காரை எங்க நிறுத்தி வச்சிருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கோட்டுக்காரர் என்னைப் பார்த்து, "சார்தான் முன்பணம் கட்டிட்டாரே. வெளியில கடன் வாங்கினா அது திரும்பி வராது" என்றதும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அண்ணி மெல்ல என் பக்கம் முழுசாகத் திரும்பினார். அந்தத் திரும்பலுக்கு அவ்வளவு நேரம் ஆனது. நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"ரசீதைக் குடு."

கொடுத்தேன். முன்பக்கம் படித்தார், பின்பக்கமும் படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி, வண்டியைப் பாக்கலாம். இது என்னெல்லாம் பாக்கும்னு இவன் நேத்தே மூச்சு விடாம சொல்லிட்டான். எதைப் பாக்காது? அதைச் சொல்லுங்க."

கோட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி புதுசு. "எல்லாத்தையும் பாக்கும்மா" என்றார்.

அண்ணி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். என் கையில் ஒரு சாக்கட்டியைக் கொடுத்து வண்டியைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொன்னார். கண்ணாடிகளில் நான் தெரியாமல் போகும் இடத்தில் "காணோம்!" என்று கத்துவார், அங்கே நான் கோடு போட வேண்டும். மறுபடி தெரிந்தால் "இருக்கே!" என்பார், அங்கேயும் ஒரு கோடு. கடைக்கு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒருவர் அக்கறையாக, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். முடிவில் காரின் இரண்டு பக்கமும் பின்னோக்கி விரிகிற விசிறிபோல இரண்டு வெள்ளைக் கட்டங்கள் விழுந்தன. அந்தக் கட்டத்துக்குள் நான் நின்று கையை ஆட்டினேன். காரின் விளக்கு எரியவே இல்லை.

"அது ஓடுற வண்டியைத்தாம்மா காட்டும். நிக்கிற ஆளைக் காட்டாது" என்றார் கோட்டுக்காரர்.

"இப்ப சொன்னீங்களே, இதுதான் எனக்கு வேணும். அப்போ இவன் நிக்கிற இடத்துல யார் நின்னாலும் எனக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது. ரெண்டு வளைஞ்ச கண்ணாடி வாங்கி ஒட்டணும். எந்த வளைவுன்னு நானே பாத்துக்கறேன்."

பிறகு சாலைக்குப் போனோம். அண்ணிதான் ஓட்டினார். தாண்டிப்போகும் ஒவ்வொரு வண்டியையும் நான் எண்ண வேண்டும். விளக்கு எரிந்ததா என்று குறிக்க வேண்டும். பதினெட்டில் பதினேழுக்கு எரிந்தது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு மட்டும், அது எங்கள் கதவை ஒட்டி வந்த பிறகு, தாமதமாக எரிந்தது. அதையும் எழுதிக்கொண்டோம். பக்க விளக்கு தேறிவிட்டது. ஆனால் கோடு தாண்டினால் கத்தும் கருவி, கார் கோட்டுக்குள் ஒழுங்காகப் போகும்போதே கத்தியது. ஒரு இடத்தில் சக்கரம் நிஜமாகவே கோட்டை மிதித்தது. அப்போது அது வாயைத் திறக்கவில்லை.

எனக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை. மெஷின் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பேன். அண்ணி வண்டியைக் கடையில் நிறுத்தி இறங்கியதும் நேராக முன்கண்ணாடியின் மூலைக்குப் போனார். பையிலிருந்து சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்தார். லென்ஸின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத முத்திரையைத் தேடித் தேடிப் பழகிய கை அது. கார்க் கண்ணாடியிலும் மூலையில் முத்திரை இருக்கும் என்பது வேன் ஓட்டும் எனக்கே அன்றுதான் தெரியும்.

"கதவுக் கண்ணாடி நாலும் ஒரே கம்பெனி. முன்கண்ணாடி மட்டும் வேற. இது மாத்தினது. கோட்டைப் பாக்குற கேமரா இதுக்குப் பின்னாலதானே ஒட்டியிருக்கு? மாத்தின பிறகு அதைத் திரும்ப அளந்து வச்சீங்களா?"

"கல்லு தெறிச்சுதும்மா, சின்ன விஷயம். கேமரா ஓட ஓடத் தானா சரியாயிடும்."

"தானா சரியான கண்ணாடியை நான் இருபத்திரண்டு வருஷத்துல பாத்ததே இல்லீங்க. ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி உக்காந்தா மனுஷனுக்கே தலை சுத்தும்."

அப்புறம் கைப்பையைத் திறந்து என் ரசீதை எடுத்தார். பின்பக்கத்தில் நான் படிக்காத ஒரு வரி இருந்தது: சொல்லாமல் மறைக்கப்பட்ட பழுதுவேலை தெரியவந்தால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும். அதைச் சத்தமாகப் படித்தார். கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் ரசீதை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்கள். கோட்டுக்காரர் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றினார்.

அரை மணி நேரத்தில் பேசி முடிந்தது. கேமராவைக் கடைச் செலவில் சரிசெய்து தர வேண்டும். முன்பணம் விலையில் கழியும். கடன் எங்கள் இஷ்டம். எல்லாம் எழுத்தில். பட்டறையில் காருக்கு முன்னால் ஒரு கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, தூரம் அளந்து, கேமராவை நேர்படுத்தியபோது அண்ணி கூடவே நின்றார். "நம்ம கடையில எழுத்துப் பலகை வைக்கிற மாதிரியேதான்" என்று சொல்லி, பலகை ஒரு விரல்கடை சாய்ந்திருந்ததைக் காட்டிக்கொடுத்துவிட்டும் வந்தார். அவர் பெருமைப்படவில்லை. அந்தப் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

மிச்சமிருந்தது கடன். என் அண்ணன் தண்ணீர் வரி அலுவலகத்தில் கணக்கர். அங்கே ஊழியர் கடன் சங்கம் உண்டு. மூன்றே வருடம், வட்டி குறைவு, மாதத் தவணைதான் கனம். மாதம் இருபத்தாறு கண்ணாடி பொருத்தினால் தவணைக்கு ஆகிவிடும், அதற்கு மேல் வருவது தனக்கு என்று அண்ணி கணக்குப் போட்டுவிட்டார். ஆனால் சங்கத்து உறுப்பினர் அண்ணன்தான். அவர் கையெழுத்து இல்லாமல் காசு நகராது.

அண்ணன் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். கோடு போட்ட தாளில் பதினொரு ஆட்சேபணை எழுதி வைத்தார். டயர் பழசு. காப்பீடு கூடுதல். சென்சார் உடைந்தால் பம்பரையே மாற்ற வேண்டும், அதற்குச் செலவு. ஒன்பதாவது, சாம்பல் நிறம் மழையில் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. "அண்ணே, அந்த நிறத்துலதானே நீங்க சட்டையா வாங்கிக் குவிக்கிறீங்க" என்றேன். முறைத்தார். அண்ணி ஒவ்வொரு வரிக்கும் எதிரே பதில் எழுதினார். டயருக்குத் தேதி, காப்பீட்டுக்கு மூன்று இடத்து விலை, சென்சாருக்கு மாதம் கொஞ்சம் எடுத்துவைக்கும் தொகை, ஒன்பதாவதுக்கு "பகலிலும் விளக்குப் போடுவேன்". நான்கு நாள் அந்தத் தாள் சாப்பாட்டு மேஜையில் இங்கும் அங்கும் நகர்ந்தது. ஐந்தாம் நாள் அண்ணனுக்கு எழுத ஒன்றும் மிச்சமில்லை. பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஒன்றாந்தேதி காலையில் முதல் இல்லத்துக்குக் கிளம்பினோம். பெட்டி தூக்க நான் பின்சீட்டில். அண்ணன் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, கேட்காமலேயே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை; துடைப்பான் தோற்றுப்போகிற மழை. கார் ஒரு தடவை மணியடித்து, கேமரா மறைந்துவிட்டது, உதவிகள் நிறுத்தப்பட்டன என்று எழுத்தில் காட்டிவிட்டு ஓய்ந்தது.

"அண்ணி, ஓரமா நிறுத்திடலாமா?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"கேமராதானே லீவு போட்டிருக்கு. பக்க விளக்கு எரியுது, வளைஞ்ச கண்ணாடி இருக்கு, நான் இருக்கேன்."

வண்டி சாலை விளிம்பில் நின்றது. லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியோரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. அண்ணி இடுப்போடு திரும்பிப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி திரும்பினார். இடைவெளி வரவில்லை. காத்திருந்தார். பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அண்ணி அசையவில்லை.

அப்போது அண்ணன் பேசினார். கைகள் முழங்காலைப் பிடித்திருந்தன.

"எனக்குப் பயமா இருக்கு."

நான் பிறந்ததிலிருந்து என் அண்ணன் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. "ஆஸ்பத்திரியில உன்னைப் படுக்க வச்சிருந்தப்போ எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு. தெனம் நீ திரும்பி வர்ற வரைக்கும் இப்படித்தான் இருக்கப் போகுது" என்றார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை. கண் சாலைமேலேயே இருந்தது. ஒரு கையை மட்டும் எடுத்து அவர் கைமேல் வைத்தார்.

"இதுக்கா பதினொரு வரி எழுதினீங்க? எனக்கும்தாங்க பயம். பயத்தோடதான் ஓட்டப் போறேன்."

கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. இடுப்போடு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியைச் சாலையில் ஏற்றினார்.