ஓரத்தைப் படித்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அழுதது போதும், நிம்மதியான ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரில். அப்பா காலமானபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். டியூஷன் எடுத்துத் தானும் படித்து, தம்பியான என்னையும் படிக்க வைத்தார்கள். பிறகு சிதம்பரத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார்கள். நவீனக் கவிஞர்கள் தங்கள் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்த குறிப்புகளே அக்காவின் ஆராய்ச்சி.

"அச்சடிச்சத உட்டுட்டு ஓரத்தப் படிக்கிறியேக்கா!" என்று கிண்டல் செய்வேன்.

"அச்சுல இருக்கறத ஊரே படிக்குது. ஓரத்துல அந்தாளு தனியா பொலம்பியிருக்காரு, அத யாருடா கேக்குறது?" என்பார்கள்.

அக்காவுக்கு நோய் முற்றியபோது, எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சி நூலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதற்காக, மறைந்த கவிஞர் ஒருவரின் சொந்தப் பிரதியை அவருடைய குடும்பத்தார் நம்பிக் கொடுத்திருந்தார்கள். தாள்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அக்கா மருத்துவமனையில் இருந்த நேரம், சந்தோஷப்படட்டுமே என்று அதைச் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு பைண்டிங் கடையில் கொடுத்துவிட்டுக் கடலூர் வந்துவிட்டேன். பெரிய புத்திசாலி நான்!

அக்கா வீடு திரும்பியதும் பெருமையாகப் போனில் சொன்னேன்.

"அடப்பாவி! பைண்டிங் பண்ணா மூணு பக்கமும் ஓரத்த வெட்டிடுவாங்கடா!"

அக்கா அழுது அன்றுதான் கேட்டேன். அவர்களால் எழுந்து நடக்க முடியாது. கடை நம்பரும் என்னிடம் இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். சிதம்பரம் வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டே வந்தேன்.

கடையில் வெட்டும் மிஷினுக்குப் பக்கத்திலேயே புத்தகம் இருந்தது. பைண்டர் தைத்திருந்தார், ஓரத்தை வெட்டவில்லை.

"மிஷின்ல வச்சிட்டேன் சார். பாத்தா ஓரமெல்லாம் எழுத்து. ஒரு எடத்துல, 'இந்த வரியால ரெண்டு நாளா தூக்கமில்லை'ன்னு இருக்கு. வெட்ட மனசு வரல. கேக்கலாம்னா நீங்க நம்பரும் குடுக்காம போயிட்டீங்க" என்றார். அப்பாடா! அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அக்கா ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொழச்சடா போ!" என்று சிரித்தார்கள். அத்தியாயத்தைப் படுத்தபடியே சொல்லி எழுத வைத்து முடித்தார்கள். புத்தகம் கவிஞர் வீட்டுக்குத் திரும்பியது. அதன்பின் எந்தக் குறையும் சொல்லாமல் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

சிகிச்சை தந்த மருத்துவர்களுக்கும், உடனிருந்து எழுதிக் கொடுத்த மாணவிகளுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பைண்டர் ஐயா, உங்களுக்கு என் தனி நன்றி. அக்காவின் முகத்தைக் கடைசி நாள்வரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிந்தது உங்களால்தான்.