இரண்டாம் வகுப்பின் இருபத்து நான்காவது பிள்ளை

ஒரு வருடத்துக்கும் மேலாக, மஸ்கட்டில் காலை எட்டு மணிக்குக் கடை ஷட்டரை ஏற்றியதும் நான் செய்த முதல் வேலை தலை சீவுவது. சீவிவிட்டு உள்ளே ஸ்டோருக்குப் போவேன். டைல்ஸ் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்து, முதுகை நிமிர்த்திக்கொள்வேன். என்னைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கி, "பிரசென்ட் மிஸ்" என்பேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. படித்துக்கொண்டிருந்தது இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊர் குளச்சலில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என்னைப் போல வெளியே கிடக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் பொறாமையும் படலாம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை.

நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் ஸ்டோர் பொறுப்பு. மகள் நஸ்ரின் பிறந்தபோதும் இங்கேதான் இருந்தேன். அவளுக்கு நான்கு வயதானபோது லீவில் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் உம்மாவிடம் கேட்டாள்: "உம்மா, இந்த மஸ்கட்டுக்காரரு எப்பம் போவாரு?" வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு குளிக்கப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டு மாத லீவில் அவள் என்னிடம் ஒட்டிக்கொள்ளவே ஒன்றரை மாதம் பிடித்தது. ஒட்டிக்கொண்டதும் விமானம் வந்துவிட்டது. அதன்பின் நோய் வந்து நாடெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டது. நஸ்ரின் பள்ளிக்கூடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பாடமெல்லாம் என் மனைவி ஷமீமாவின் போனில்தான். அந்தப் போனிலோ, பாதி நேரம் மிஸ் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவார். "கேட்டியளா, போர்டுல என்ன எழுதினாங்கன்னே தெரியல்ல. நீங்களும் உள்ள வந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள் ஷமீமா. அப்படித்தான் நான் ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன்.

முதல் நாளே ஜெபா மிஸ் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "அது யாரு புதுசா?" என்று கேட்டார். "நஸ்ரினுக்க வாப்பாவாக்கும் மிஸ். போர்ட போட்டோ எடுக்க வந்தேன்" என்றேன். இருக்கச் சொன்னவர், கொஞ்சம் தயங்கி, "உங்களுக்குப் பொறத்தால அடுக்கி வச்சிருக்கது என்னது?" என்றார். திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று மூன்று வரிசை வெஸ்டர்ன் கக்கூஸ். இருபத்து மூன்று பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரவர் வீட்டில் அவரவர் உம்மாவோ அம்மாவோ சிரிப்பதும் கேட்டது. இடம் மாறி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் வாஷ்பேசின். பரவாயில்லை, அதுவே இருக்கட்டும் என்றார் மிஸ். நாளடைவில், இருபத்து மூன்று பெயரையும் வாசித்துவிட்டுக் கடைசியாக "நஸ்ரின் வாப்பா" என்று கூப்பிடுவது அவருக்கு வழக்கமாயிற்று. வேடிக்கையாக ஆரம்பித்ததுதான். ஆனால் ஒரு நாள் மறந்தாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள். நானும் வீட்டுப்பாடம் எழுதினேன், பிள்ளைகளோடும் மிஸ்ஸோடும் இரண்டாம் வகுப்புக்கும் ஏறினேன். நாலாம் வாய்ப்பாட்டில் தடுக்கி, திரையில் மேல் கட்டத்தில் இருந்த பெனிட்டா என்ற குட்டியிடம் ஏச்சு வாங்கினேன். பாடத்துக்கு நடுவே நஸ்ரின் என் கட்டத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். அதற்காகத்தான் தலை சீவினேன் என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

எங்கள் கடை மேலாளர் சாலிம், ஓமானி. நாங்கள் முதீர் என்போம். ஒரு நாள் ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தவர், போன் நிறையக் குழந்தை முகங்களைக் கண்டு அசந்துபோனார். "இன்தா முதர்ரிஸ்?" என்றார் அரபியில். நீ வாத்தியாரா என்று அர்த்தம். இதற்கு என்ன பதில் சொல்ல? நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, விட்டுவிடுங்கள் என்று நம் ஊரில் அதற்குப் பொருள். சாலிம் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். அன்று முதல் நான் உஸ்தாத். எட்டிலிருந்து ஒன்பது வரை ஸ்டோருக்குள் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு. அவரே காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பூனை நடையில் போவார். "மிஸ், நஸ்ரின் வாப்பா கிளாஸ்ல இருந்து திங்காரு!" என்று பெனிட்டா உடனே கோள் சொல்லுவாள்.

ஐப்பசி மழையோடு ஊரில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் பழக்கத்தில் தலை சீவி உட்கார்ந்தேன். போனில் ஒன்றுமில்லை. சாயங்காலம் நஸ்ரினிடமிருந்து குரல் செய்திகள் வந்து கொட்டின, மொத்தம் பதினொன்று. முதல் செய்தியே, "வாப்பா, மிஸ்ஸுக்கு காலு உண்டு!" ஒன்றரை வருடம் தலையும் தோளுமாக மட்டும் பார்த்திருந்த மிஸ், வகுப்புக்குள் நடந்து வந்ததும் பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்களாம். அடுத்தது, "பெனிட்டா குட்டையாக்கும், போன்ல மட்டுந்தான் பெருசு." பாடத்துக்கு நடுவே ஒருத்தி எழுந்து, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வாசலுக்கு நடந்தாளாம். நாலாம் வாய்ப்பாடு கேட்டதும் பெனிட்டா "மிஸ், நெட்டு போச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அப்படியே நின்றாளாம். நான் டைல்ஸ் பெட்டிமேல் உருண்டு சிரித்தேன். ஆனால் இரண்டாவது வாரம் செய்திகள் மூன்றாகக் குறைந்தன. பிறகு ஒன்று. பிறகு, "வாப்பா, நான் களிக்கப் போறேன், நாளைக்குப் பேசுகேன்." நல்லதுதானே, பிள்ளை விளையாடட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் மறுபடியும் மஸ்கட்டுக்காரராக ஆகிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஷமீமா அந்தச் சங்கதியைச் சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்த நாளில் மிஸ் இருபத்து மூன்று பெயரையும் வாசித்து நோட்டை மூடினாராம். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "மிஸ், நஸ்ரின் வாப்பாவ விட்டுட்டீங்க!"

"அவரு மஸ்கட்டுல இல்லா இருக்காரு மக்கா."

"ஸ்கூல் தொறந்தாச்சே மிஸ். அவரு மட்டும் ஏன் வரல்ல?"

"கேமராவ ஓஃப் பண்ணியிருப்பாரு" என்றாளாம் பெனிட்டா. உடனே நஸ்ரின் எழுந்து, "எனக்க வாப்பா வருவாரு மிஸ். லேட்டாக்கும்" என்று சொல்லி, பெஞ்சில் தன் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டாள். அன்று முதல் தினமும் கடைசியில் பிள்ளைகளே "நஸ்ரின் வாப்பா!" என்று கத்துவதும், அவர்களே "ஆப்சென்ட்!" என்று பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. பையை மட்டும் அவள் எடுக்கவில்லை. ஷமீமா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை என்னை நம்பி இருபத்திரண்டு பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்கோ அடுத்த லீவுக்கு இன்னும் எட்டு மாதம் கிடந்தது.

மறுநாள் சாலிம், "உஸ்தாத், வகுப்பு இல்லையா?" என்றார். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பிள்ளைகள் அங்கே, உஸ்தாத் இங்கேயா என்றார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "தினமும் வகுப்பில் என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், முதீர்" என்றேன். அதுவும் உண்மைதான். மீதிக்குத் தலையை ஆட்டினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். சாலிம் பேனாவை எடுத்து இரண்டு மாத லீவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

கல்ஃபிலிருந்து வருகிறவன் விமானம் இறங்கினால் நேரே வீட்டுக்குப் போக வேண்டும். சொந்தபந்தம் எல்லாம் வந்து காத்திருக்கும், பெட்டியை உடைத்துக் கொண்டுவந்த சாமானைப் பங்கு வைக்க வேண்டும். அதுதான் எங்கள் ஊர் முறை. நான் திருவனந்தபுரத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்துக்கொண்டு வெளியே வந்ததும் டாக்ஸிக்காரரிடம் சொன்னது பள்ளிக்கூடத்துக்கு வழி. களியக்காவிளையும் கருங்கலும் கடந்து, கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகளோடு ஒன்பதரைக்குச் சரியாகக் கேட்டில் போய் நின்றோம். வாட்ச்மேன் மறித்தார்.

"பேரன்ட்ஸ உள்ள விடாண்டாம்னு ஆர்டராக்கும்."

"நான் பேரன்ட் இல்ல அண்ணாச்சி, ஸ்டூடன்டாக்கும்."

அவர் என்னையும் டாக்ஸியையும் மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரோட்டுப் பக்கம் சன்னல் உண்டு, அங்கன போயி நில்லுங்க" என்றார்.

சன்னலுக்கு வெளியே நின்றேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இருபத்து மூன்று முடிந்ததும் வகுப்பே கூரை பிய்யக் கத்தியது: "நஸ்ரின் வாப்பா!" அவர்கள் ஆப்சென்ட் என்று வாயெடுக்கும் முன், "பிரசென்ட் மிஸ்" என்றேன். உடனே இருபத்திரண்டு பிள்ளைகள் சன்னலுக்கு ஓடி வந்தன. "மிஸ், நஸ்ரின் வாப்பாவுக்கும் காலு உண்டு!" என்று ஒரு குரல். நஸ்ரின் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பிள்ளைதான் திரும்ப வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் முகக்கவசம் நினைவுக்கு வர, அதைக் கீழே இறக்கினேன். அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உள்ள வாருங்க, வந்து இருங்க" என்றார் ஜெபா மிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மொதல்ல மாஸ்க்க ஏத்துங்க." பெஞ்சில் என் முழங்கால் நுழையவில்லை. குறுக்காகத் திரும்பி உட்கார்ந்தேன். நஸ்ரின் என் சட்டைக் கையைப் பிடித்தவள் மணி அடிக்கும்வரை விடவில்லை. அப்படி ஒரு நாள் எனக்கு இனி வருமா என்று தெரியவில்லை. வீட்டில் சொந்தக்காரர்கள் பெட்டியை உடைக்கக் காத்துக் காத்து, சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

லீவு முழுக்கத் தினமும் அவளோடு நடந்து போய், சன்னலில் நின்று ஆஜர் சொல்லிவிட்டுத்தான் மீன் வாங்கப் போவேன். கடைசி வாரம் நஸ்ரின் சொன்னாள், "வாப்பா, லீவ் லெட்டர் குடுக்காம போவாதீங்க. பேர அடிச்சிருவாங்க." அவளுடைய ரஃப் நோட்டில் ஒரு தாள் கிழித்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடமாக, குளச்சலுக்குப் போக அனுமதி கேட்டு மஸ்கட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். மஸ்கட்டுக்குப் போக அனுமதி கேட்டுக் குளச்சலில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எந்தத் தேதியில் இருந்து என்று எழுதினேன். எந்தத் தேதி வரை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவள் பென்சிலை எடுத்து, 'திங்கட்கிழமை வரை' என்று எழுதினாள். அவள் அறிந்த லீவெல்லாம் திங்கட்கிழமையோடு முடிகிறவை. கீழே 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் தன் பெயரையே கொட்டை எழுத்தில் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "உங்களுக்க வாப்பா மவுத்தாயாச்சில்லா? அப்பம் நான்தானே போடணும்?"

இங்கே வந்து ஆறு திங்கட்கிழமைகள் கழிந்துவிட்டன. போன திங்கட்கிழமை பயந்துகொண்டே போனில் கேட்டேன், என் பெயரை அடித்துவிட்டார்களா என்று.

"இல்ல வாப்பா. லெட்டர மிஸ்ட்ட காட்டியாச்சு. திங்கட்கிழமன்னுதானே எழுதியிருக்கு, எந்தத் திங்கட்கிழமன்னு எழுதல்லியே" என்றாள் நஸ்ரின்.