தேசப்பன் ஆமைக்கு வீடு கட்டிய வரலாறு

திருவள்ளூர் கோர்ட்டில் தேசப்பன் டவாலியாக இருந்த காலத்தில், நீதி கண்ணுக்குத் தெரிந்ததோ இல்லையோ, காதுக்கு நன்றாகக் கேட்டது. வெள்ளைக் கோட்டின் குறுக்கே சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக வாசலில் நின்று, வழக்காடுபவர்களை மும்முறை கூவி அழைப்பது அவர் உத்தியோகம். முதல் கூவலில் புளியமரத்துக் காக்கைகள் கிளம்பும். இரண்டாவதில் டீக்கடை பெஞ்சு காலியாகும். மூன்றாவதில், எந்த வழக்கிலும் சம்பந்தமில்லாத ஆள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே வந்து கைகட்டி நிற்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இவர் ஓர் ஆமைக்குட்டிக்கு வீடு கட்டிக் கொடுத்தார். சரித்திரம் கவனிக்கத் தவறிய இந்தத் திருப்பணியை இங்கே பதிவு செய்வது நம் கடமை.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து விவசாயி துளசிராமன், ஒரு வரப்புத் தகராறுக்காக வாய்தா வாய்தாவாக வந்து போனதில் தேசப்பனுக்குச் சம்பந்தி மாதிரி ஆகியிருந்தார். ஒருநாள் அவர் துண்டு முடிச்சை அவிழ்த்தார். எலுமிச்சம்பழ அளவில், ஓட்டில் மஞ்சள் கோடு போட்ட நில ஆமைக்குட்டி ஒன்று உள்ளே இருந்தது.

"தொழிற்பேட்டை கட்டறேன்னு முள்ளுக்காட்ட மொட்ட அடிக்கிறானுங்க நைனா. இது ரோட்டு நடுவுல நின்னுகினு இருந்திச்சி. கோர்ட்டாண்ட இருந்தா பத்திரமா இருக்கும்னு கொண்டாந்தேன்."

"ஏன், உன் கேசு பத்திரமா இருக்குதே, அந்த மாதிரியா?"

"அதான் நைனா. ஒரு எடத்த உட்டு நவுரவே இல்லியே!"

இது லஞ்சமாகுமா என்று தேசப்பன் யோசித்தார். ஆமை நுழைந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது ஊராரின் உறுதியான கருத்து. ஆகவே ஆமையைக் கொடுப்பதைச் சாபம் என்று சொல்லலாமே தவிர, லஞ்சம் என்று எந்த நீதிபதியும் சொல்லமாட்டார். சாபம் வாங்கக்கூடாது என்று சர்க்கார் விதிகளில் எங்கும் இல்லை. வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி ரத்னா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாய்யா இது? ஊடு வெளங்குமா?"

"நொழைஞ்சாதானே வெளங்காது? இது எங்க நொழைஞ்சிச்சி? நான் கொண்டாந்தேன். நொழையறது வேற கேசு, கொண்டாறது வேற கேசு."

"ஊட்டுக்காரம்மா வந்து கேக்கட்டும், இந்தக் கேச அவங்களாண்ட நடத்து."

ஆமை என்றால் தண்ணீர் என்று தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? தேசப்பன் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, மங்களகரமாகக் குட்டியை அதில் விட்டார். அது கல்லைப் போல அடியில் போய், நாலு காலையும் உதைத்தது. ஆனந்தத்தில் ஆடுகிறது என்று அவர் மகிழ்ந்தார். ரத்னாதான் கையை விட்டு வெளியே எடுத்தாள். மூக்கிலிருந்து குமிழி வந்தது.

"ஆடுதாம்! உன்ன ரெட்டில்ஸ் ஏரில தள்ளிட்டு, ஆடறான்னு நான் கை தட்டட்டா?"

அன்று முதல் ரத்னா பொறுப்பேற்றாள். ஆப்பிள் வந்த மரப்பெட்டி ஒன்றைத் தேசப்பன் கடைத்தெருவிலிருந்து தலையில் சுமந்து வந்தார். அதில் கொட்ட வேண்டிய செம்மண்ணில் பூச்சி இருக்கக்கூடாது என்று ரத்னா அதை இரும்புச் சட்டியில் வறுத்தாள். பக்கத்துப் போர்ஷன்காரர் மோந்து பார்த்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போனார். வறுத்த மண்ணோடு மணலைக் கலந்து விரல் ஆழத்துக்குப் பரப்பினாள். ஒளிந்துகொள்ளப் பாதி உடைந்த சட்டியைக் கவிழ்த்தாள். குடிக்க ஒரு டப்பா மூடி. அதிலும் தண்ணீர் குட்டியின் தாடைக்கு மேல் ஏறாது. பெட்டியின் ஒரு பக்கம் ஜன்னல் வெயில், மறுபக்கம் நிழல். குளிர்ந்தால் வெயிலுக்கும் சுட்டால் நிழலுக்கும் அதுவாகப் போய்க்கொள்ளும். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கொட்டாங்கச்சிகளில் நிறுத்தினாள். தேசப்பனின் கட்டிலுக்கு இந்த வசதி கிடையாது.

சாப்பாட்டில்தான் தகராறு. தேசப்பன் ஆசையாகப் பால்சோறு வைத்தார். குட்டி அதன் மேல் ஏறி நடந்து போய்விட்டது. ரத்னா வேலி ஓரத்து மூக்கிரட்டைக் கீரையும் செம்பருத்திப் பூவும் போட்டாள். வாயெல்லாம் சிவக்கத் தின்றது. ஓடு கெட்டிப்படப் பழவேற்காட்டு மீன்காரியிடம் கணவாய் ஓடு வாங்கிப் பொடித்துத் தூவினாள். தேசப்பனுக்கு ஒரே ஒரு கட்டளை: வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது. அவர் "ரத்னா, காபி" என்றால் குட்டி அரை நாள் தலையை வெளியே நீட்டாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வெயிலே இல்லை. குட்டி கண்ணை மூடிச் சுருண்டது. பூவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரத்னாவும் சாப்பிடவில்லை. வேறு வழியின்றி, பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, பகலெல்லாம் எரியவிட்டார்கள். மூன்றாம் நாள் குட்டி கண் திறந்தது. அதற்குள் வீட்டுச் சொந்தக்காரி செல்லியம்மாளின் கண்ணும் திறந்துவிட்டது.

"பட்டப்பகல்ல இன்னாமே லைட்டு? உள்ளாற இன்னா, பஞ்சாங்கமா படிக்கிறீங்க?" என்று நேராக உள்ளே வந்தவள், பெட்டியைப் பார்த்து வாசல்வரை பின்வாங்கினாள்.

"அது நொழையலங்க, கொண்டாந்தோம்..." என்று தேசப்பன் தம் வாதத்தைத் தொடங்கினார். அது தள்ளுபடியாயிற்று. செல்லியம்மாள் பாவத்துக்கு அஞ்சியவள். குப்பையில் போடச் சொல்லவில்லை.

"அமாவாசையன்னிக்கி வீரராகவர் கொளத்துல உட்டுடலாம். பெருமாளே ஆமையா வந்தவரு. இதுக்குச் சொர்க்கம்டி!"

"பெரிம்மா, இது தரையில வாழறது. தண்ணில முழுகிடும்" என்றாள் ரத்னா.

"ஆமை முழுகுமா? நாளைக்கி மீனுக்குச் சளி புடிக்கும்னு சொல்லுவ. ஒண்ணு ஆமை போவணும், இல்ல நீங்க போவணும்."

அமாவாசையன்று குளக்கரையில் மருவும் தேமலும் போக வேண்டிக்கொண்டு தண்ணீரில் வெல்லம் கரைக்க வந்த கூட்டம் நெரிந்தது. செல்லியம்மாள் பட்டுப்புடவையில், தாம்பாளத்தில் வெல்லம், பூ, நடுவில் குட்டியோடு படியிறங்கினாள். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் படைத்த தேசப்பன் அன்று செருப்புகளுக்குக் காவலாக மேல்படியில் நின்றார். ரத்னாதான் பேசினாள்.

"பெரிம்மா, உங்க கையாலயே உடுங்க. ஆனா உட்டுட்டுத் திரும்பிப் போயிடாதீங்க. அது சொர்க்கத்துக்குப் போறத நின்னு பாருங்க."

செல்லியம்மாள் பக்தியோடு விட்டாள். குட்டி அமிழ்ந்தது, ஒருமுறை மேலே வந்தது, வாயை அகலத் திறந்தது, மறுபடி அமிழ்ந்தது. ரத்னா புடவையைச் செருகிக்கொண்டு இறங்குவதற்குள் தொபுக்கென்று சத்தம். தாம்பாளம் ஒரு பக்கம் மிதக்க, வெல்லம் ஒரு பக்கம் கரைய, செல்லியம்மாள் பட்டுப்புடவையோடு இடுப்பளவுத் தண்ணீரில் துழாவினாள்.

"அய்யய்யோ, முழுகுதுடீ! பெருமாளே, உன் கொளத்துல நீச்சல் தெரியாத ஆமையும் உண்டாடா?"

எடுத்துவிட்டாள். தலை கீழ்நோக்கிப் பிடித்ததும் மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பிறகு ஒரு கால் அசைந்தது. கரையிலிருந்த ஒருவர், பெருமாளுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டார்.

"நீ வந்து குதிச்சியா? பேசாம வெல்லத்தக் கரை!"

வழி முழுக்க அதை முந்தானையில் பொத்தியபடியே நடந்தாள். வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தன் சொந்த வீட்டுக்குள், தன் கையாலேயே, அமாவாசையில் ஆமை.

"கொண்டாறதுன்னா திருட்டுத்தனமா இன்னாத்துக்குக் கொண்டாறது?" என்றாள் கடைசியில். "மருமவ மாதிரி அழைச்சிகினு போவணும். ரத்னா, ஆரத்தி கொண்டாடி! வலது காலு மொதல்ல வாசப்படில படணும்."

குனிந்து குட்டியை வாசற்படி ஓரம் இறக்கிவிட்டவள் நிமிர்ந்தாள்.

"ஏம்பா தேசப்பா, நாலு இருக்குதே. முன்னங்காலா, பின்னங்காலா?"

கோர்ட்டில் இருபது வருஷம் நின்ற தேசப்பனுக்கு இதற்கு முன்னுதாரணத் தீர்ப்பு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாய்தா கேட்கலாமா என்று பார்த்தார். அதற்குள் குட்டி, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், ஒரு காலை நீட்டி வாசற்படியில் வைத்தது.

இடது கால். செல்லியம்மாள் உட்பட யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.