ஜன்னல் வழியாக ஏறிய காலம்

ஏழு மாதம் என் சொந்த வண்டிக்குள் நான் ஜன்னல் வழியாகத்தான் ஏறினேன். அதுவும் கைலி கட்டிக்கொண்டு. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் மனைவி மட்டும் நம்புவாள். அவள் கண்ணெதிரேதான் அந்தக் கைலிக்கு ஒருநாள் ஆபத்து வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வீடியோ கேசட். பர்மாவில், தாகேதா என்கிற பேட்டையில் எங்கள் தெருவில் கப்பல்காரர் ஒருவர் இருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் மற்றக் கப்பல்காரர்கள் சோப்பு, பிஸ்கட் கொண்டுவருவார்கள். அவர் ஒருமுறை அமெரிக்காவில் நடந்த கார் ரேஸ் ஒன்றைக் கேசட்டில் கொண்டுவந்தார். ஸ்டாக் கார் ரேஸ் என்று பேர். கார்கள் பார்க்க வீட்டுக் கார் மாதிரியே இருக்கும். ஒரு பெரிய கிண்ணத்துக்குள் விட்டதுபோல் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். எங்கேயும் போய்ச் சேராது. காலையிலிருந்து இரவுவரை கியாக்தானுக்கும் போட்டாதாங்குக்கும் நடுவே லைன் கார், அதாவது ஆளேற்றும் பிக்கப், ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அது நம்முடைய பிழைப்பு மாதிரியே தெரிந்தது. ஒரே வித்தியாசம், அவர்களுக்குக் கைதட்டினார்கள்.

அந்தக் கேசட்டை எத்தனை தடவை பார்த்தோம் என்று சொல்ல முடியாது. நடுவில் ஓர் இடத்தில் டேப் கசங்கி எல்லாக் காரும் மழையில் ஓடுவதுபோல் தெரியும். முடிவு தெரிந்த ரேஸுக்கு டீ பந்தயம் கட்டித் தோற்றவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். ஒவ்வொரு முறையும் நான் பந்தயம் கட்டும் சிவப்புக் கார் இந்தத் தடவையாவது முந்திவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. கடைசிச் சுற்றில் எப்போதும்போல இரண்டாவதாகவே வரும்.

அந்தச் சிவப்புக் காரின் கதவிலும் முன்மூடியிலும் ஒரு சிகரெட்டின் பேர் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. நான் குடித்ததும் அதே சிகரெட். ஓட்டுநரின் சட்டையிலும் தொப்பியிலும் அதே பேர். ஜெயித்தவன் தோற்றவன் எல்லோரும் ஏதோ ஒரு பெட்டியிலிருந்து வெளியே வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலும் அப்படித்தான். டீக்கடைக் குடை, சுவர்க்கடிகாரம், பந்துப் போட்டி எல்லாவற்றிலும் சிகரெட் பேர் இருக்கும். புது யூனிபாரம் போட்ட பெண்கள் டீக்கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு சிகரெட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கெடுதல் என்று யாருக்குத் தோன்றும்?

கம்பெனிக்காரன் நம் வண்டியையும் பார்த்தால் நமக்கும் ஒரு சட்டை கொடுப்பான் என்று முடிவு கட்டினேன். கோயில் விழாவுக்கும் புத்தர் பகோடா விழாவுக்கும் போர்டு எழுதும் பெயிண்டரைக் கூட்டிவந்து கேசட்டை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். அவர் என் பழைய ஜப்பான் பிக்கப்பைச் சிவப்பாக்கி, இரண்டு கதவிலும் அந்தப் பேரை எழுதினார். டயர், எண்ணெய், ஸ்பார்க் பிளக் என்று சின்னச் சின்னப் பேர்களையும் விடவில்லை. அந்தக் காரில் முன்விளக்கு வெறும் ஸ்டிக்கர்தான் என்று கப்பல்காரர் சொன்னதும், விளக்கின்மேல் பெயிண்ட் அடித்து விளக்குப் படம் வரையச் சொன்னேன். பெயிண்டர் புத்தியுள்ளவர். மாட்டேன் என்றுவிட்டார்.

கப்பல்காரர் இன்னொன்றும் சொன்னார். "அந்தக் கார்ல கதவே தொறக்காது. வெல்டு அடிச்ச மாதிரி. ஆளு ஜன்னல் வழியாத்தான் உள்ள போவான்."

மறுநாளே என் பக்கக் கதவை வெல்டு அடித்துவிட்டேன். கண்ணாடியையும் கழற்றி எடுத்தாயிற்று. எங்கள் ஊரில் வண்டி ஓடுவதும் வலப்பக்கம், ஸ்டியரிங் இருப்பதும் வலப்பக்கம். ஆகையால் நான் ஏறுவதும் இறங்குவதும் நடைபாதைக்காரர்கள் கண்ணுக்கு நேராகத்தான் நடக்கும். அந்த அமெரிக்கன் உடம்போடு ஒட்டிய முழுச்சட்டை போட்டிருந்தான். நான் கைலியை மடித்துக் கட்டி, ஒரு காலைத் தூக்கி உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, மறு காலை இழுக்கவேண்டும். போட்டாதாங் படகு ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மீன்கூடையோடு வரும் கியாக்தான் அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கொஞ்சம் தாமதமாக.

என் மனைவி அப்போது என் பயணி. போட்டாதாங்கில் ஒரு தையல் கடையில் வேலை. தாகேதாவில் ஏறி முன்சீட்டில் உட்காருவாள். முதல் நாளே கேட்டாள்.

"இது வண்டியா, சிகரெட் பெட்டியா?"

"ரேஸ் வண்டி" என்றேன்.

"யாரோட ரேஸ்?"

நான் ஹாரனை அடித்து வண்டியைக் கிளப்பினேன். அதன்பிறகு அவள் ஏறாத நாள் வண்டி ஓட்டவே பிடிக்காமல் போனது. நான்கு மாதம் கழித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "உங்க அப்பாகிட்ட வந்து பேசட்டுமா?" என்று கேட்டேன். அவளுடைய அப்பா ஜெட்டிப் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். விடியுமுன் சைக்கிளில் போய்விடுவார். தூரத்தில் முதுகைப் பார்த்ததுதான்.

அவள் என் விரலிடுக்கில் இருந்த சிகரெட்டைப் பார்த்தாள். "அப்பாவுக்குச் சிகரெட்டே ஆகாது. அதை விட்டுட்டு வந்து பேசுங்க. இல்லாட்டி வரவே வேணாம்."

விட்டேன். நாளைக்கு இரண்டு பெட்டி ஊதியவன், அன்று மாலை மிச்சமிருந்ததை ஆற்றுப்பாலத்திலிருந்து எறிந்துவிட்டேன். அதன்பிறகு நான் பட்ட பாடு பயணிகளுக்குத்தான் தெரியும். காரணமில்லாமல் ஹாரன் அடித்தேன். சில்லறை இல்லாதவர்களிடமெல்லாம் சண்டை போட்டேன். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்று சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தள்ளினேன், காலடியில் தொலி கணுக்கால்வரை ஏறிவிட்டது. மீன்கூடை அம்மா ஒருவர் பர்மியில், "தம்பி, நீ மறுபடி சிகரெட் குடி, காசு வேணும்னா நான் தர்றேன்" என்றார்.

ஒரு மாதமாயிற்று. சரியாக அந்த வாரத்தில்தான் கம்பெனிக்காரன் வந்தான். ஆறு மாதமாக நான் காத்திருந்த ஆள். டை கட்டியிருந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்ல விளம்பரம் என்று என் கையைக் குலுக்கினான். சட்டை இல்லையாம். ஒரு தொப்பியும், எரியாத லைட்டர் ஒன்றும், முழுசாக ஒரு கார்ட்டன் சிகரெட்டும் கொடுத்தான். உலகத்தில் எந்த ரேஸ்காரனுக்கும் ஸ்பான்சர் இப்படி நேரம் பார்த்து வந்திருக்கமாட்டான். அந்தக் கார்ட்டனை வேண்டாமென்று சொல்லவும் மனம் வரவில்லை, பிரித்தால் பெண் போய்விடும். முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தேன். அதன்பிறகு ஓட்டும்போதெல்லாம் அது இருக்கிறது என்கிற நினைப்பிலேயே ஓட்டினேன்.

ஏப்ரல் வந்தது. தமிழ் வருஷப்பிறப்பு எங்கள் ஊரில் திஞ்ஞான் நாட்களுக்கு நடுவில் வரும். திஞ்ஞான் என்றால் பர்மியத் தண்ணீர்த் திருவிழா. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, குழாய் வைத்து, போகிற வருகிற எல்லோர்மேலும் தண்ணீர் அடிப்பார்கள். கோபப்படக்கூடாது, அது முறையில்லை. பஸ்ஸும் ஓடாது. அவள் வந்து சொன்னாள்.

"வருஷப்பிறப்பன்னிக்கு அப்பா, அம்மாவை டவுன்ல அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். உங்க வண்டியைச் சொல்லியிருக்கேன். அப்பாவே உங்களப் பார்த்துப்பாரு." போகும்போது கதவைத் தட்டிக் காட்டினாள். "இந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க."

எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிகரெட்டை விட்டாயிற்று, ரேஸையும் விடச் சொன்னால் எப்படி? எடுக்காமல் மறைப்பது என்று முடிவு செய்தேன். கோயிலில் போன தீமிதித் திருவிழாவின் நோட்டீஸ் ஒரு கட்டு மிச்சம் கிடந்தது. அம்மன் படம் போட்ட பெரிய நோட்டீஸ். மைதாப் பசை காய்ச்சி, கதவுக்கு எட்டு, முன்மூடிக்கு ஆறு என்று ஒட்டினேன். வண்டி கோயில் சப்பரம் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் பற்றிய பயமும் இல்லை. காலை ஆறரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. பந்தல்காரர்கள் எழுந்து குழாயைத் திறப்பதற்குள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆறரைக்கு நான் வாசலில் இருந்தேன். அவளுடைய அப்பா குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி ஏழேகாலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்து முகம் மலர்ந்தது. அம்மன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பக்தியான புள்ள" என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னது எனக்கே கேட்டது. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குத் திங்கக்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் பொறந்துரும். நடுவழியில மாட்டிக்கக்கூடாது. ஒம்போதுக்கு மேல கிளம்பலாம் தம்பி."

ராகுகாலத்தை அவர் பார்த்தார். தண்ணீர்காலத்தை நான் பார்த்தேன். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

ஒன்பதரைக்கு ஆற்றுப்பாலத்தைத் தாண்டினோம். அவர் முன்சீட்டில், பெண்கள் இருவரும் பின்னால். முதல் பந்தலில் இரண்டு குழாய். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். இரண்டாவது பந்தலில் தீயணைக்கிற குழாய் அளவுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லாத என் ஜன்னல் வழியாக அது நேராக உள்ளே வந்தது. மூன்றாவது பந்தலுக்கு முன்னால் வண்டி நெரிசலில் கால்மணி நேரம் நின்றோம். முன்மூடியிலிருந்து ஓர் அம்மன் மெதுவாக வழுக்கிக் கீழே இறங்குவதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். பின்னாலேயே இன்னொன்று. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கோயில் வாசலுக்கு வந்தபோது வண்டியில் ஒரு நோட்டீஸ்கூட இல்லை. ஏழு மாதத் தூசியும் போய், சிவப்புப் பளபளவென்று, சிகரெட் பேர் புதிதாக எழுதியதுபோல் நின்றது. வாசலில் கோயில் கமிட்டி ஆட்கள் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் விட்டதெல்லாம் இந்தக் கதவோடு போயிற்று என்று நினைத்தேன்.

பின்னால் அவளுடைய அம்மாவை இறக்கிவிடவேண்டுமே. அவசரத்தில் ஜன்னலில் காலை விட்டேன். நனைந்த கைலி பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டியது. நான் இறங்கினேன், கைலி இறங்கவில்லை. உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கமிட்டியில் ஒருவர் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எதிர்ப் பந்தலிலிருந்து குறிபார்த்து இன்னொரு வாளித் தண்ணீரும் வந்தது.

அவளுடைய அப்பா இறங்கிவந்து என் கைலியை எடுத்துக் கையில் கொடுத்தார். பிறகு வாசற்படிக்கு வெளியே ஓரமாக உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். உள்ளே நனையாமல் ஒரு சுருட்டு. விரல் தடிமன். பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கோபுரத்தைப் பார்த்தாள்.

"சிகரெட்டே ஆகாதுன்னீங்க?"

"ஆகாது. சுருட்டுதான்" என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நான் சொல்லி அவர் கேட்கமாட்டார். ராத்திரி பூரா இருமுறார். நீங்களாவது கேட்பீங்கன்னு அவர் பேர்ல சொன்னேன்." முன்சீட்டுக்கடியில் தண்ணீரில் மிதந்து வெளியே வந்திருந்த கார்ட்டனை அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த உறை கிழியவில்லை. அதைக் கோயில் வாசல் குப்பைத்தொட்டியில் போட்டாள். எனக்குச் சம்மதம் கிடைத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு அவள் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது, அது நான் எதிர்பார்க்காதது. "பேரு என்னமோ இருந்துட்டுப் போகுது. அந்தக் கதவைத் தொறந்து வை தம்பி. ஜெட்டியில ஒரு லாரி பின்னால போயி ஆத்துல விழுந்துச்சு. கதவு தொறந்ததாலதான் டிரைவர் வெளிய வந்தான். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். தொறக்காத கதவுக்குள்ள என் பொண்ணு புருஷன் உக்காரக்கூடாது."

திஞ்ஞான் முடிந்து வெல்டிங் கடை திறந்ததும் அறுத்தேன். கதவு பாழாகிப் பழைய சாமான் கடையில் வேறு கதவு வாங்கிப் போட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் கல்யாணம். மாமா என் பேச்சையும் கேட்கவில்லை, மகள் பேச்சையும் கேட்கவில்லை, சுருட்டோடேயே இருந்தார். எட்டு வருஷம் கழித்து மூச்சு எடுக்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு, "கதவு தொறக்குதா?" என்றுதான் கேட்டார்.

இப்போது சிகரெட் விளம்பரம் எங்கேயும் போடக்கூடாது. போனில் இந்த வருஷத்து ரேஸைப் பார்க்கிறேன், கார்களில் குளிர்பானம், போன் கம்பெனி என்று என்னென்னவோ பேர்கள். சிவப்புக் கார் இப்போதும் ஜெயிப்பதில்லை. அறுத்த பழைய கதவு வீட்டுப் பின்பக்கச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மனைவி அதன்மேல் மிளகாய் காயவைக்கிறாள். பேர் பாதி அழிந்துவிட்டது.

யாராவது கேட்டால், மாமனாருக்குப் பயந்து சிகரெட்டை விட்டேன் என்றுதான் இன்றும் சொல்வேன். போன மாதம் விருந்தாளி ஒருவரிடம் அப்படியே சொன்னேன். அவள் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ரெண்டு பேரை நிறுத்தப் பார்த்தேன், ஒருத்தர்தான் கேட்டார்" என்றாள். அப்புறம் எனக்கு டீ கொண்டுவரப் போனாள்.