பித்தளை வில்லை

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஆரணியில் ஓர் அரிசி மில்லில் நைனாவும் நானும் வேலை பார்த்தோம்; அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இஞ்சின் கொட்டகை, எனக்கு நெல் காயப்போடும் களம். ஒருநாள் முதலாளிக்குத் திடீரென்று எங்கள் உயிர்மேல் அக்கறை பிறந்தது. பட்டணத்திலிருந்து ஆய்வாளர் வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார். இஞ்சினிலிருந்து ஓடும் பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை அடிக்க வேண்டும், தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தர வேண்டும். வலைக்குச் செலவாகும், சொல்லித்தர வாய் போதும். முதலாளி இரண்டாவதை மட்டும் செய்தார்.

சனிக்கிழமைதோறும் மானேஜர் விதிகளை வாசித்தார். யார் மண்டையிலும் ஏறவில்லை. நைனா ஆடி மாதம் பெரியபாளையத்தம்மன் கோயிலில் பம்பை அடித்துப் பாடுகிறவர். விதிகளை அப்படியே அம்மன் பாட்டு மெட்டில் கட்டிவிட்டார். களத்துப் பெண்கள் நெல்லைக் கிளறிக்கொண்டே பாடினோம். ஒரே வாரத்தில் மில் முழுக்கப் பாடமாகிவிட்டது.

ஒப்பித்தவர்களுக்கெல்லாம் ஒரு பித்தளை வில்லை கொடுத்தார்கள். வில்லை குத்தியிருந்தால் பயிற்சி பெற்றவர் என்று அர்த்தம். தலைகளை எண்ணி ஆய்வாளருக்குச் சொன்னால் தீர்ந்தது வேலை. முதல் வில்லை நைனாவுக்கு. அதைப் புளி போட்டுத் தேய்த்துத்தான் குத்திக்கொள்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் பாட்டுக்கு பெல்ட் அடங்குமா? மழைக்காலத்தில் வழுக்கும். குங்கிலியப் பொடி தூவினால்தான் பிடிக்கும். இஞ்சினை நிறுத்திவிட்டுத் தூவு என்பது விதி. நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். ஒரு மழைநாள் பெல்ட் வழுக்கியபோது நைனா நிறுத்தத்தான் போனார்.

"யோவ், நிறுத்தாத! லாரி நின்னுக்கினு இருக்குது. ஓட ஓடத் தூவுய்யா!" என்று மேஸ்திரி கத்தியது களத்தில் இருந்த எனக்கே கேட்டது. அடுத்துக் கேட்டது நைனாவின் அலறல். வலது கை முழங்கையோடு போயிற்று.

நஷ்டஈடு கேட்டோம். விசாரிக்க வந்த அதிகாரி வில்லையை எடுத்துக் காட்டினார்.

"இது உன்னுதா?"

"ஆமா சாமி."

"ஓடுற பெல்ட்டப் பத்தி விதி என்ன சொல்லுது?"

நைனா ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"மத்தவங்களுக்கும் நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"ஆமா சாமி."

தெரிந்தே விதியை மீறியவனுக்கு நஷ்டஈடு கிடையாது என்று முடித்துவிட்டார். மேஸ்திரி கத்தியதை நான் சொன்னேன். பெற்ற மகள் அப்படித்தான் சொல்லுவாள் என்று ஒதுக்கிவிட்டார்கள். எங்களைக் காப்பாற்ற என்று கொடுத்த வில்லை முதலாளியைக் காப்பாற்றியது.

அதோடு விட்டார்களா? புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர வரும்படி நைனாவுக்கே ஆள் அனுப்பினார்கள்.

"போவாத நைனா. வெக்கமா இல்ல?" என்றேன்.

"வெக்கப்பட்டா ஊட்ல அடுப்பு எரியுமா? ஒத்தக் கைய வச்சிக்கினு வேற இன்னா வேலம்மா செய்வேன்?"

போனார். கம்பி வலை அப்போதும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை புதியவர், பழையவர் எல்லோரையும் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னார்கள். என் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நைனா, "ஓடுற பெல்ட்ட..." என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றேன்.

"உங்க நைனா கட்டின பாட்டும்மா!" என்றார் மானேஜர்.

"தெரியாது சார்."

என் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். வில்லை இல்லாதவளுக்கு இங்கே வேலையும் இல்லை என்றார் மானேஜர். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சட்டையில் வில்லை பளபளத்தது. ஒற்றைக் கையால் அவரால் தேய்க்க முடியாது. காலையில் நான்தான் புளி போட்டுத் தேய்த்துக் குத்திவிட்டிருந்தேன்.