நான் மொழிபெயர்க்காத வரி

நான் ஒரு பொய்யை மூன்று ஆண்டுகள் மொழிபெயர்த்தேன். தெரிந்தே செய்தேன். இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவே நின்றுகொண்டு இருவரையும் ஏமாற்றினேன்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் வந்த துணிச்சல்தான், வேறொன்றுமில்லை!

எண்பதுகளின் நடுப்பகுதி. கனடாவின் மொன்றியலில் நம்மவர்கள் அகதிகளாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். நான் மட்டக்களப்பில் ஆங்கிலம் கற்பித்தவள். அங்கிலிக்கன் குடும்பத்துப் பிள்ளை. மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஓர் அங்கிலிக்கன் ஆலயத்தைக் கண்டதும் கேட்டுக்கேள்வியில்லாமல் உள்ளே நுழைந்துவிட்டேன். அங்கே இருபது வெள்ளைக்கார மூதாட்டிகளும் ஜெரால்ட் என்ற குருவானவரும் இருந்தார்கள். அவர் உயரமானவர், கூச்ச சுபாவம் உள்ளவர்.

சனிக்கிழமைகளில் அவர் ஆலய மண்டபத்தை அகதிகளுக்குத் திறந்துவிட்டார். குளிர்ச் சட்டைகள், சூடான சாப்பாடு, ஆங்கில வகுப்பு, குடிவரவுப் படிவங்களை நிரப்ப ஒரு மேசை. சைவர்களும் வந்தார்கள், கிறிஸ்தவர்களும் வந்தார்கள். குருவானவருக்குத் தமிழில் தெரிந்தது ஒரேயொரு சொல்: 'ஓம்'. எதைக் கேட்டாலும் நம்மவர்கள் 'ஓம், ஓம்' என்று தலையாட்டுவதைப் பார்த்து, அதற்கு அர்த்தம் 'ஆம்' என்று தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். அதில் அவருக்குப் பெரிய பெருமை! மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் அவருடைய நாக்கு.

இலையுதிர்காலத்தில் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கடவுள் தந்த நேரத்தையும் திறமையையும் அவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்று ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் எழுதித் தரவேண்டும். இம்முறை அகதிகளும் எழுதட்டும் என்றார் குருவானவர். அவர்களை எப்போதும் வாங்குகிறவர்களாகவே வைத்திருப்பது அவமரியாதை என்றார். எனக்கு அவரை அந்த நிமிடம் மிகவும் பிடித்துப்போயிற்று. அட்டையைத் தமிழில் எழுதினேன். வேதாகமத் தமிழ் தெரியும் என்ற மிடுக்கில் 'உக்கிராணத்துவம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டேன்.

மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கந்தையா அண்ணைதான் வாய் திறந்தார். யாழ்ப்பாணத்தார், ஐம்பதை நெருங்கியவர். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு.

"ரீச்சர், உக்கிராணமெண்டா களஞ்சிய அறையெல்லே? எங்களைச் சாமான் அடுக்கவோ கேக்கிறியள்?"

கடவுள் தந்ததைக் கடவுளுக்குத் திருப்பிச் செய்வது என்று விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அட, தொண்டு! அப்பிடியே எழுதியிருந்தா எல்லாருக்கும் விளங்கியிருக்குமே!"

ரீச்சரான எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் அட்டையில் நிதானமாக இரண்டு வரிகள் எழுதினார். 'நான் சைவக்காரன், சமயம் மாறமாட்டேன். இந்தக் கோயிலை ஒவ்வொரு கிழமையும் கூட்டித் தருவேன்.'

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆலயக் குழு கூடியது. சனிக்கிழமை மண்டபத்தை மூடிவிடலாமா என்பதுதான் பேச்சு. "வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், போகிறார்கள். இதுவா அருட்பணி? ஒருவராவது நம்மோடு நின்றாரா?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். கெட்டவர் அல்லர். தன் கணவர் பாடிய பாடகர் குழுவில் இப்போது ஒருவரும் மிஞ்சவில்லையே என்ற துக்கம் அவருக்கு. குருவானவர் என் பக்கம் திரும்பினார். அட்டைகளை வாசிக்கச் சொன்னார்.

கந்தையா அண்ணையின் அட்டை மேலே இருந்தது. முதல் வரியை விட்டேன். இரண்டாம் வரியை, 'இந்த ஆலயத்துக்கு உரியவனாக இருக்க விரும்புகிறேன்' என்று ஆங்கிலத்தில் வாசித்தேன்.

ஒரு வரி... ஒரேயொரு வரி!

மண்டபம் பிழைத்தது. குருவானவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீ உண்மையுள்ள உக்கிராணக்காரி என்றார். வேதாகமத்தில் இன்னோர் உக்கிராணக்காரனும் இருக்கிறான், எஜமானுக்குத் தெரியாமல் கடன்காரர்களின் சீட்டை மாற்றி எழுதவைத்தவன். எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது.

மண்டபத்துக்காகத்தான் செய்தேனா? வெகுகாலம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை... அந்தப் பாராட்டு இனித்தது! ஓர் ஆத்துமாவைக் கொண்டுவந்தவள் என்று மூதாட்டிகள் எனக்குக் கேக் செய்து தந்தார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அதன்பிறகு அந்தப் பொய்யைப் பிள்ளையைப் போல் வளர்க்கவேண்டியிருந்தது. கந்தையா அண்ணை மார்கழிக் குளிரிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஆலயத்தைக் கூட்டுவார். கோயிலுக்குள் வேறு எப்படி நுழைவது? அதைக் கண்ட குருவானவரோ எரிகிற செடியின் முன் செருப்பைக் கழற்றி நின்ற மோசேயைக் கண்டதுபோல் உருகிப்போனார். நெற்றியில் என்ன என்று ஒருநாள் கேட்டார். "நாம் சாம்பற் புதனில் மட்டும் பூசுகிறோம், இவர் தினமும் பூசுகிறார்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பாருங்கள்! இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்பு ஞாயிறு நெருங்கும்போது, ஞானஸ்நானம் பெற விருப்பமா என்று கந்தையாவிடம் கேள் என்பார். நான் திரும்பி, "பாதர் உங்கட வேலையை மெச்சுறார், அண்ணை" என்பேன். மறுபக்கம் திரும்பி, "அவருக்கு இன்னும் காலம் வேண்டுமாம்" என்பேன். இருவரும் புன்னகைத்துக் கைகுலுக்கிக்கொள்வார்கள். கந்தையா அண்ணை வேலையிடத்தில் பிரெஞ்சு பழகினார்; குருவானவரின் பிரெஞ்சு 'மெர்சி' என்ற நன்றிச் சொல்லைத் தாண்டாது. எனக்கு அது எத்தனை வசதியாக இருந்தது!

மூன்றாவது குளிர்காலத்தில் குருவானவர் நோயில் விழுந்தார். வேலைக்குப் போகும் வழியில் கந்தையா அண்ணை ஒரு பை தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் இருந்தேன். ஜன்னலில் நல்ல வெயில். குருவானவரின் குரல் மிகவும் மெலிந்திருந்தது. "கடைசியாக ஒருமுறை கேள்... இப்போதாவது ஞானஸ்நானத்துக்கு வருவாரா?"

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் மன்னித்திருப்பார், அப்படிப்பட்ட மனிதர் அவர். ஆனால் சாகப்போகிறவரின் சந்தோஷத்தைப் பறிப்பதா? அல்லது... அவர் முகத்தில் நான் சிறுத்துப்போவதைப் பார்க்கப் பயந்தேனா? இன்றைக்கும் தெரியவில்லை. கந்தையா அண்ணையிடம் திரும்பினேன்.

"அண்ணை, பாதர் கேக்கிறார், தான் இல்லாட்டியும் கோயிலைக் கூட்டுவியளோ எண்டு."

அவர் கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குருவானவரின் கையைப் பிடித்தார்.

"ஓம்" என்றார்.

அதற்கு நான் தேவைப்படவில்லை. குருவானவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. "ஓம்... ஓம்..." என்று திருப்பிச் சொல்லிச் சொல்லி அழுதார், சிரித்தார். இரண்டு நாளில் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

நான் உடைந்துபோனவள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டைபிடித்துக்கொண்டே வளர்ந்து நல்ல வேலைகளில் இருக்கிறார்கள். மண்டபம் இன்றும் சனிக்கிழமைகளில் திறந்திருக்கிறது. இப்போது வேறு நாட்டு அகதிகள் வருகிறார்கள். அன்று கேள்வி கேட்ட மூதாட்டி, சாகும்வரை நம்மவர்களின் இடியப்பத்துக்காகவே சனிக்கிழமையைப் பார்த்திருந்தார். இவற்றையெல்லாம் எண்ணும்போது மனம் நிறைந்துவிடுகிறது... அந்த நிறைவுக்குள்தான் இதுவும் கிடக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தால் முதல் வரியை வாசிப்பேனா? சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை!

கந்தையா அண்ணை எழுபதைத் தாண்டிவிட்டார். அட்டையில் எழுதிய இரண்டு வரிகளையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்: இன்னும் சைவக்காரன், இன்னும் கூட்டுகிறார். போன சனிக்கிழமை நடுவில் நிறுத்தி, விளக்குமாற்றில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ரீச்சர், அண்டைக்கு நான் கூட்டுவன் எண்டுதானே சொன்னனான். அதுக்கு அந்த மனுசன் ஏன் அப்பிடி அழுதவர்?"

"உங்களில அவ்வளவு விருப்பம், அண்ணை."

"எனக்கும் அவரில விருப்பம்தான். அவருக்குக் குடுத்த சொல்லெண்டுதான் முழங்கால் நோவோடயும் வாறன்."

பிறகு குனிந்து, "கொஞ்சம் விலத்துங்கோ, ரீச்சர்" என்றார். நான் விலகினேன். நான் நின்ற இடத்தையும் கூட்டினார்.