திங்கட்கிழமைத் தெலுங்கு

மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்காக எங்கள் மகன் இரண்டு வருடம் டெல்லிக்குக் கிளம்பியபோது, அவனுக்காகக் கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் வேலையைப் பேசி முடித்திருந்தார் அவன் அப்பா.

"திரும்பி வந்து சேந்துக்கிறேன் நைனா" என்றான்.

"அப்ப நானும் ரெண்டு வருஷம் கழிச்சே உங்கிட்ட பேசிக்கிறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சவுக்கு வெட்டப் போய்விட்டார். மகன் பஸ் ஏறும்போதும் வரவில்லை. சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு மனிதர்.

செய்யூரில் எங்கள் தெரு விடுமா? "இன்னாக்கா, உம்புள்ள டை கட்டிக்கினு தெருத்தெருவா நடக்குறானாமே, ஒரு சைக்கிளாவது குடுக்கக் கூடாதா?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குக் கோபம் வராது. மனதில் குறித்துவைத்து மகனிடம் சொல்லிச் சிரிப்பேன்.

வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை, ஊழியத்தில் இருக்கிறவர்களுக்குத் துணி துவைக்க, காய் வாங்க, வீட்டோடு பேச. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறைகள் சுத்தம் செய்கிற நான், வார விடுமுறையைத் திங்களுக்கு மாற்றிக்கொண்டேன். "ஊரே ஞாயித்துக்கெழம லீவுக்கு அடிச்சிக்குது, நீ இன்னா திங்களக் கேக்கறே?" என்று சூப்பர்வைசரே அசந்துபோனார்.

அந்த ஊழியத்தில் ஒரு சட்டம் உண்டு. இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் மற்றவர் போகக் கூடாது. முதல் வீடியோ காலிலேயே மகனுக்குப் பின்னால் இன்னொரு பையன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, பெத்தவகிட்ட பேசறதுக்கும் காவலா?"

"காவல் இல்லம்மா, கம்பேனியன். ராஜமுந்திரிப் பையன்."

எனக்குப் பிடிக்கவே இல்லை.

நாங்கள் பேசும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டுவார். அவ்வளவு தீட்டினால் கத்தியே கரைந்துபோகும். ஒரு திங்களன்று தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் போனுக்கு முன்னால் அகப்பட்டுக்கொண்டார். பின்னாலிருந்த பையன் கும்பிட்டு, "நமஸ்காரமண்டி" என்றான்.

இவர் நின்றுவிட்டார். இளவயதில் நெல்லூர்ப் பக்கம் பல வருடம் சவுக்கு வெட்டியவர். "ஏ ஊரு பாபு?" என்று கேட்டபடி என் பக்கத்தில் குந்திவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு திங்களும் தெலுங்குதான். அந்தப் பையனிடம் இவர் கேட்டதெல்லாம் என் மகனைப் பற்றி. சரியாகச் சாப்பிடுகிறானா? சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டே, அந்த ஊர்க் குளிர் தாங்குகிறானா? பக்கத்தில் இருக்கிற மகனைப் பார்த்துக்கொண்டே அந்தப் பையன் பதில் சொல்வான்: நேற்று கொஞ்சம் இழுத்தது, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன், இப்போது பரவாயில்லை என்று. மகன் தலையைக் குனிந்து, அப்பா குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அரைகுறைத் தெலுங்கு தெரிந்த எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கேயோ பிறந்த பிள்ளை. அவன் வாய் வழியாக என் வீட்டு ஆம்பளை தன் மகனோடு பேசுகிறார். எந்தச் சட்டத்தை நான் காவல் என்றேனோ, அது திறந்துவிட்ட வழி இது.

அப்புறம் ஜோடி மாற்றினார்கள். அங்கே அவ்வப்போது மாற்றுவது வழக்கமாம். ராஜமுந்திரிப் பையனை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மகன் மெசேஜ் போட்டிருந்தான். இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் யார் வழியாகப் பேசுவார்? மறுபடியும் கத்தி தீட்டப் போய்விடுவாரோ?

அந்தத் திங்கள் குளித்து, சட்டைகூடப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். போனில் மகன், பின்னால் புது முகம், மிசோரம் பையன்.

"பாகுன்னாவா பாபு?" என்று நலம் விசாரித்தார் இவர்.

அந்தப் பிள்ளை ஒன்றும் புரியாமல் சிரித்து, "ஹலோ அங்கிள்" என்றது.

இவர் என்னைப் பார்த்தார். வெளியே சவுக்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய் முடிந்தது. இவர் எழுந்திருக்கப் போகிறார் என்றே நினைத்தேன். போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டார்.

"டேய், அந்தப் புள்ள எங்கடா?"

"மாத்திட்டாங்க நைனா."

"அப்ப உனுக்கு யாரு சுடுதண்ணி வெச்சுத் தர்றது?"

"நானே வெச்சுக்கிறேன் நைனா."

"இழுக்குதா?"

"இல்ல நைனா." சொல்லும்போதே அழுதுவிட்டான். புதுப் பையன் பதறி அவன் தோளில் கை வைத்தான்.

"பரவால்ல, இவனும் நல்ல புள்ளயாத்தான் கீறான்" என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்:

"ரெண்டு வருஷம் ஆவலன்னு எனுக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்லாத."